ஆர்ஓ மெஷின தாம்பரத்துலயே விட்டுட்டு வா

தங்கச்சி, அடுத்த மாசம் சிங்கப்பூர் செங்காங்ல வாடகை வீட்டுக்கு வர்றோம், தாம்பரத்து வீட்ல மாட்டியிருக்கற ஆர்ஓவ கழட்டி எடுத்துட்டு வரட்டுமா, வாஷிங் மெஷின் குழாயில மாட்டற உப்பு ஃபில்டரும் வேணுமா, இல்லன்னா மெஷின் போயிடுமான்னு கேட்டிருந்த. ரெண்டுமே வேணாம்மா. அந்த எடைக்கு ஒரு நல்ல இட்லி குண்டானும் உங்க அம்மா இடிச்ச பொடியும் எடுத்துட்டு வா.

உன் பயம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், நானும் மேடவாக்கம் போர் தண்ணில வளந்தவதான். எங்க வீட்ல கீசர் ரெண்டு தடவ காயில் மாத்தினாங்க. ரெண்டாவது தடவ ரிப்பேருக்கு வந்த அண்ணன் டேங்க கழட்டி கவுத்தாரு பாரு, தரையில வெள்ளையா செதில் செதிலா கொட்டுச்சு, ஒரு சொம்பு நிறைய அள்ளலாம், காயில் மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி விரல் தடிமனுக்கு ஒட்டியிருந்துச்சு. தண்ணில கரைஞ்சிருக்கற கால்சியம், மக்னீசியம்தான் எல்லாத்துக்கும் காரணம், சூடு பண்ணினா அதுல கால்சியம் சுண்ணாம்புக்கல்லா மாறி காயில்ல போய் படியும், படிஞ்சா சூடு தண்ணிக்கு போகாது, காயில் தன் சூட்லயே வெந்து போயிடும், கரண்ட் பில்லும் ஏறும். எங்க தண்ணிய டெஸ்ட்டுக்கு குடுத்தப்ப கடினத்தன்மை, அதாவது அந்த கால்சியம் மக்னீசியத்தோட அளவு, 600க்கு மேல வந்துச்சு. இந்திய தரக்கணக்குல லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே கிடைக்கலன்னா 600 வரைக்கும் பரவால்லன்னு இருக்கு, நாங்க அதையும் தாண்டிட்டோம்.

இங்க சிங்கப்பூர்ல கதை வேற. போர் போடற பேச்சே இல்ல. மழைத்தண்ணிய ஏரி மாதிரி தேக்கி வெச்சு எடுக்கறாங்க, மலேசியாவோட ஜொகூர்லேர்ந்து ஆத்துத் தண்ணி வருது, 2003லேர்ந்து புதுநீர், அதாவது ஒருக்கா பயன்படுத்தின தண்ணிய திரும்ப சுத்தம் பண்ணினது, இருக்கு, 2005லேர்ந்து கடல் தண்ணிய சுத்தம் பண்ணியும் விடறாங்க. இதுல எதுவுமே பாறைக்கு அடியில வருஷக்கணக்கா ஊறிக் கிடந்த தண்ணி இல்ல, அதனால நம்ம ஊரு போர் தண்ணி மாதிரி உப்பு ஏற வழியே இல்ல. இதுல ஒரு தமாஷ், புதுநீரும் கடல் தண்ணியும் ஆர்ஓ பண்ணித்தான் வருது (புதுநீர் பெரும்பாலும் ஃபேக்டரிங்களுக்கு போகுது, வெயில் காலத்துல கொஞ்சம் நீர்த்தேக்கத்துல கலப்பாங்க), நீ அது மேல இன்னொரு ஆர்ஓ வெக்கப் போறியா? வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் குடுக்க ரெண்டு மூணு லிட்டர் வேஸ்ட்டா சாக்கடைக்கு விடும். இங்க தண்ணி 1000 லிட்டர் 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெரிய காசு இல்லதான், ஆனா நல்ல தண்ணிய கீழ ஊத்த மனசு வராது. வாடகை வீட்ல செவுத்துல ஓட்ட போட வீட்டுக்காரர் ஒத்துக்கவும் மாட்டாரு.

குழாயத் திறந்து அப்படியே குடிக்கலாம். முதல் ஒரு வாரம் லேசா மருந்து வாடை தெரியும், கிருமி சாவறதுக்கு குளோரமின் போடறாங்க, அப்புறம் பழகிடும். உன் கைக்குழந்தைக்கு பால் பவுடர் கரைக்க மட்டும் கொதிக்க வெச்ச தண்ணிதான், அது எந்த ஊரா இருந்தாலும்.

கெட்டில் அடியில மாசத்துக்கு ஒருக்கா மெல்லிசா வெள்ளப் படலம் வரும், அத பாத்து பதறாத. பாதி தண்ணி பாதி வினிகர் ஊத்தி கொதிக்க விட்டு அரை மணி நேரம் வெச்சு கொட்டிடு, போயிடும். வினிகர் வாடை புடிக்கலன்னா எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு ஸ்பூன் போதும், லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா மளிகைக் கடைங்கள்ல கேட்டுப் பாரு.

வாஷிங் மெஷின் விஷயத்துலதான் நான் மாட்டினேன், அத சொல்லிடறேன். உப்புத் தண்ணில சோப்பு நுரைக்காது இல்ல, பாதி சோப்பு அந்த கால்சியத்தோட சேந்து தயிர் மாதிரி திரிஞ்சே வீணாப் போகும், அதனால அம்மா ரெண்டு கரண்டி பவுடர் போடுவாங்க, நானும் இங்க வந்து அதே ரெண்டு கரண்டி போட்டேன். நாலஞ்சு மாசம் போச்சு. ஒரு நாள் கண்ணாடிக் கதவு முழுக்க நுரை, மெஷின் தண்ணிய வெளிய தள்ள முடியாம ஏதோ எழுத்து காட்டிட்டு நின்னு போச்சு, துணியெல்லாம் உள்ள, அவருக்கு ஆபீஸ் சட்டை வேற அதுல. ரிப்பேருக்கு வந்த சீன அங்கிள் கதவோரத்து ரப்பர இழுத்துக் காட்டினாரு, மடிப்புக்குள்ள கருப்பு கருப்பா பூஞ்சை, அது மேல வழவழன்னு சோப்புக் கூழ். "உப்புன்னு நெனச்சியா? எல்லாம் சோப்பு லா, தண்ணி நல்ல தண்ணி"ன்னு சிரிச்சுட்டே போனாரு. அதனால பாக்கெட்ல போட்டிருக்கற அளவுல பாதியிலேர்ந்து ஆரம்பி. தோய்ச்சு முடிச்சதும் கதவ திறந்தே வை, இந்த ஊரு ஈரக்காத்துக்கு மூடி வெச்சா ரெண்டே நாள்ல நாத்தம் வந்துடும். நல்ல தண்ணில குளிக்கறப்ப சோப்பு போகவே மாட்டேங்குது, உடம்பு வழவழங்குதேன்னு தோணும், அதுவும் பழகற விஷயம்தான்.

முடி கொட்டுதுன்னு எல்லாரும் தண்ணி மேலதான் பழி போடுவாங்க, எனக்கும் வந்த புதுசுல கொட்டுச்சு, ஆனா அப்ப தூக்கம் கிடையாது, வேல டென்ஷன், மத்தியானம் வெறும் பிரட்டு. எத நான் தண்ணி மேல போட?

இன்னொன்னு, குக்கர். உப்புத் தண்ணில பருப்பு சட்டுனு வேகாது, நம்ம வீட்ல அஞ்சாறு விசில் வெப்போம்ல, இங்க அதே கணக்குல வெச்சேன், துவரம்பருப்பு கஞ்சியா வந்துச்சு, ஒரு மாசம் சாம்பார் எல்லாம் பாப்பா சாப்பாடு மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு விசில் கொறச்சுக்கோ. டீ மட்டும் சூப்பரா வரும், மேல அந்த பளபளன்னு ஆடை கட்டாது.

ஹீட்டர் பத்தி ஒரு வார்த்த. இங்க நிறைய வீவக (அரசாங்கம் கட்டின அடுக்குமாடி) வீட்ல பாத்ரூம் செவுத்துல மாட்டின சின்ன ஹீட்டர்தான், ஸ்விட்ச் போட்டு குழாயத் திறந்ததும் சூடாகும், உள்ள தண்ணி தேங்காது, அதுல உப்புக்கு பயப்பட ஒண்ணுமில்ல. டேங்க் வெச்ச ஹீட்டரா இருந்தா உள்ள மக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கும், டேங்க் துருப்பிடிக்காம இருக்க அது கரைஞ்சுக்கிட்டே வரும், தண்ணி நல்லதா இருந்தாலும் கரையும், முழுசா கரைஞ்சுட்டா அப்புறம் டேங்க்தான் அரிக்கும். சாவி வாங்கறப்ப வீட்டுக்காரர்கிட்ட எந்த டைப்புன்னு கேளு, டேங்க்னா கம்பிய கடைசியா எப்ப மாத்தினாங்கன்னும் சேத்துக் கேட்டு வாட்சப்லயே பதில் வாங்கி வெச்சுக்கோ, நாளைக்கு ஒழுகினா ரிப்பேர் காசு யாருதுன்னு பேச்சு வர்றப்ப உதவும்.