'கேஷ்' நம் காசுதானா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் 'காசு'விலிருந்து போனது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது. அவற்றுக்கு மூலம் பெட்டியைச் சுட்டும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல். பெட்டியின் பெயர் நாளடைவில் உள்ளேயிருக்கும் பணத்துக்கே ஆகிவந்தது. 'கேஷியர்' என்பதும் இந்தப் பெட்டிக் குடும்பம்தான்.

நம் காசு போய்ச் சேர்ந்தது இன்னொரு 'கேஷ்'. போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தென்னிந்தியச் சில்லறை நாணயத்துக்கும், நடுவில் சதுரத் துளையுள்ள சீனச் செப்புக்காசுக்கும் அதுவே பெயராயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டு 20 காசு நாணயத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது: ரோமன் எண்ணில் இருபது, அதையடுத்து ஆங்கிலத்தில் 'கேஷ்'. அந்த நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. பின்னாளில் அவற்றைப் பெருமளவில் மீட்டார்கள். நாணயத்தின் பெயருக்குத் தமிழ் தாராளமாக உரிமை கொண்டாடலாம், ரொக்கத்தின் பெயருக்கு முடியாது.

கேள்வி: ஒருவர் 'ஃபிளாட்' வட்டி 10 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 'ரெட்யூசிங் பேலன்ஸ்' 14 சதவீதம் என்கிறார். எந்தக் கடன் மலிவு?

பதில்: 14 சதவீதம்தான். ஒரு லட்சத்தை 36 மாதத் தவணையில் வாங்குவதாக வையுங்கள். ஃபிளாட் முறையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் மூன்று ஆண்டு வட்டி 30,000. அசலோடு கூட்டி 36ஆல் வகுத்தால் மாதம் 3,611. பதினெட்டாம் மாதத்தில் பாதி அசலை அடைத்துவிட்டிருப்பீர்கள், ஆனாலும் வட்டி முழு லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். கோளாறு அங்கேதான். ரெட்யூசிங் முறையில் மீதி அசலுக்கு மட்டுமே வட்டி என்பதால், 14 சதவீதத்திலும் தவணை சுமார் 3,418, மொத்த வட்டி சுமார் 23,000தான். அந்த 10 சதவீத ஃபிளாட்டை மீதி அசல் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 18 சதவீதம் வரும்! கையெழுத்திடும் முன் இரண்டு விவரம் எழுத்தில் கேளுங்கள்: கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு, பன்னிரண்டாம் மாத முடிவில் கடனை முடித்தால் கட்டவேண்டிய தொகை எவ்வளவு. இரண்டாவதைச் சொல்லத் தயங்குபவரிடம் கடன் வாங்காமலிருப்பதே நல்லது.

கேள்வி: பங்குச்சந்தையில் காளை, கரடி எப்படி வந்தன?

பதில்: காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கீழே அறையும் என்பது நினைவில் வைக்க உதவும் விளக்கம், அவ்வளவுதான். பெயர் வந்த வழி வேறு. கரடியைப் பிடிக்குமுன் அதன் தோலை விற்காதே என்பது பழைய ஐரோப்பியப் பழமொழி. கையில் இல்லாத பங்கை, விலை இறங்கும் என்று நம்பி விற்பவரை 18ஆம் நூற்றாண்டு லண்டன் சந்தையில் 'கரடித்தோல் வியாபாரி' என்றார்கள். விலை ஏறும் என்று நம்பி வாங்கும் எதிரணிக்குக் காளை என்ற பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைய 'ஷார்ட் செல்லிங்' அதே வேலைதான். இரவல் பங்கை 100க்கு விற்று 80க்குத் திரும்ப வாங்கினால் லாபம் 20. விலை 300க்கு ஏறினால் நஷ்டம் 200. லாபம் 100ஐத் தாண்டாது, நஷ்டத்துக்கோ எல்லையே இல்லை.

கேள்வி: 'பேஸிஸ் பாயின்ட்' என்றால்?

பதில்: ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. வட்டி 8லிருந்து 9 சதவீதமானால் 100 பேஸிஸ் பாயின்ட் உயர்வு. அதையே 'ஒரு சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் 8.08 ஆனதாகவும் படிக்கலாம். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் வங்கிகள் பேஸிஸ் பாயின்ட்டில் பேசுகின்றன.