பழைய பாணியில் புதிய கெட்டில் செய்தால் வழக்கு வருமா?

கேள்வி: வியாசர்பாடியில் சிறிய எவர்சில்வர் பட்டறை வைத்திருக்கிறேன். கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர் என்ற பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பாளரின் கெட்டில் படங்களைப் பார்த்து, அந்தச் சாயலில் ஒரு காபி கெட்டில் வரைந்து மாதிரியும் செய்துவிட்டேன். சவுகார்பேட்டை மொத்த வியாபாரி ஒருவர் மாதிரியைப் பார்த்து 200 கேட்கிறார். பின்னால் சிக்கல் வருமா?

பதில்: டிரெஸ்ஸர் தரப்பிலிருந்து வராது. அவர் 1904-இல் காலமானார். கலைப் படைப்புக்கான பதிப்புரிமை, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகளில் முடிகிறது. பதிவு செய்த வடிவமைப்பின் உரிமையோ 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5. கோணக் கால்களும் நேரான கைப்பிடியும் கொண்ட அந்தப் பாணி எவருக்கும் தனிச்சொத்து அன்று. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் உருவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-ஆம் ஆண்டு ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அந்தப் பாணியில் வேறொருவர் அண்மையில் பதிவு செய்த கெட்டில் இருக்கிறதா என்று வடிவமைப்புப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அதை ஒத்திருந்தால், பதிவான வடிவத்தை நகலெடுப்பதைத் தடுக்கும் வடிவமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உங்கள் மீது பாயும்.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த 200 என்ற எண்தான். பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவரது அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால், அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு. 51-ஆவது கெட்டில் பட்டறையை விட்டு இறங்கிய பிறகு, அடுத்த தெருக்காரர் அதே அச்சில் அடித்தால், வரைபடத்தைக் காட்டித் தடுக்க முடியாது.

ஆகவே முதலில் வடிவமைப்புப் பதிவு. வடிவம் விண்ணப்பத்துக்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது; வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் வைப்பதும் வெளியீடாகக் கருதப்படலாம். நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் காட்டியதை வடிவமைப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வெளியீடாகக் கொள்வதில்லை. எனவே, மாதிரியை நம்பித்தான் காட்டினேன் என்பதை வியாபாரியிடம் இன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். (வாய்ப்பேச்சை நம்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

டிரெஸ்ஸரின் கெட்டிலை அப்படியே எடுத்திருந்தால் பதிவு கிடைக்காது, ஏனெனில் அது ஏற்கெனவே உலகறிந்த வடிவம். மூக்கின் வளைவு, மூடியின் குமிழ், கைப்பிடி உடலோடு சேரும் இடம் என உங்கள் கைவண்ணம் எங்கே இருக்கிறதோ, அதை விண்ணப்பத்தில் எது புதிது என்று சொல்லும் புதுமைக் குறிப்பில் திட்டவட்டமாக எழுதுங்கள். கைப்பிடிக்குத் தேக்கு வைத்ததால் சுடாது என்பது பயன்பாடு பற்றியது. அதற்கு வடிவமைப்புச் சட்டத்தில் இடமில்லை. விண்ணப்பமான படிவம் 1-ஐ கிண்டி காப்புரிமை அலுவலகத்திலோ இணையம் வழியாகவோ தாக்கல் செய்யலாம். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். விண்ணப்ப எண் கைக்கு வந்த பின் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.