வான்கோழி கிளப் சாண்ட்விச்: கேட்டீர்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம், மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி இந்த ஒரு சாண்ட்விச்சைப் பற்றித்தான்!

அம்ஷ்லாங்கா ஆபீஸ் தம்பி: அக்கா, எனக்குச் சுகர். மதியம் சோற்றை விட்டுவிட்டு டர்க்கி கிளப் சாப்பிடுகிறேன். வான்கோழி நல்லதுதானே?

வான்கோழியைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் புரதம் அதிகம், கொழுப்பு கொஞ்சம். ஆனால் கிளப்பில் அது மட்டுமா இருக்கிறது? நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். டோஸ்ட் செய்த பிரெட் மூன்று துண்டு, ஏறக்குறைய 300 கலோரி. மயோனைஸ் இரண்டு மேசைக்கரண்டி, 190. பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) மூன்று கீற்று, 130. டெலி வான்கோழி (கடையில் சமைத்துச் சீவி விற்பது) 80 கிராம், வெறும் 85. தக்காளியும் லெட்டூஸும் சேர்த்து 15. மொத்தம் 720 கலோரி, புரதம் 34 கிராம். பெயர் வான்கோழிக்கு, கலோரியில் அதன் பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை.

சோற்றை விட்டேன் என்கிறீர்கள். அந்த மூன்று துண்டு பிரெட்டில் இருக்கும் மாவுச்சத்து கிட்டத்தட்ட 200 கிராம் சோற்றுக்குச் சமம். நடுத் துண்டை எடுத்து வைத்துவிடுங்கள். அது சாண்ட்விச் உயரமாகத் தெரிவதற்காக வைப்பது. மயோனைஸையும் பாதியாக்கினால் 200 கலோரி குறைந்துவிடும். பக்கத்தில் வரும் சிப்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சுகரைவிட எனக்குக் கவலை உப்பு. டெலி வான்கோழி, பேக்கன், பிரெட், மயோனைஸ் எல்லாம் சேர்த்தால் சோடியம் 1,900 மில்லிகிராம் பக்கம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பே 2,000-க்குள். சுகரோடு பிரஷரும் இருந்தால் இந்தச் சாண்ட்விச் அன்றாடச் சாப்பாடு ஆகாது.

மெட்ராஸிலிருந்து ஜோபர்க் வந்து ஆறு மாதம் ஆனவர்: இங்கே பாக்கெட்டில் 3,000 என்று போட்டிருக்கிறதே, பயமாக இருக்கிறது.

அது கிலோஜூல். 4.2-ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும். 3,000 என்றால் சுமார் 715. கடையில் நின்று வகுக்க முடியாவிட்டால் நாலால் வகுங்கள், கொஞ்சம் கூடுதலாக வரும், பரவாயில்லை.

ஃபீனிக்ஸ் அக்கா: பன்றி வேண்டாம் என்று, பேக்கனுக்குப் பதில் அதே மாதிரி செய்யும் மேகன் போட்ட கிளப் வாங்குகிறோம். அது சத்தா?

உப்பில் பேக்கனுக்குத் தம்பிதான். ஆனால் அக்கா, அதைவிட முக்கியமான ஒன்று: மேகன் இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. ஹலால் முத்திரையைப் பார்த்து, பன்றி இல்லை என்ற நிம்மதியில் வாங்கி, காவடிக்கு விரதம் இருக்கும் வீட்டிலேயே மாட்டுக்கறி தின்றவர்களை எனக்குத் தெரியும். லேபிளைத் திருப்பிப் படியுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா: மருமகள் ஐந்து மாதம். டர்க்கி சாண்ட்விச் வேண்டும் என்கிறாள்.

கொடுங்கள், ஆனால் டெலி இறைச்சியைக் குளிராகக் கொடுக்காதீர்கள். ஆவி பறக்கும்வரை சூடாக்கிய பிறகுதான் வைக்க வேண்டும். 2017-18இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா பரவி 200-க்கும் மேற்பட்டோர் இறந்தது மறந்திருக்காது. போலோனி (தடித்த சாசேஜ்) மாதிரி சமைக்காமல் சாப்பிடும் இறைச்சியிலிருந்து வந்தது அது. அந்தக் கிருமி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வளரும், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கரண்ட் போய் வந்த நாளில் கடைப் பாக்கெட்டே வேண்டாம்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: கால் பன்னி சௌவா, கிளப்பா? எது தேவலை?

(ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: பன்னி சௌ என்பது பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றுவது. பன்னியில் பன்றி கிடையாது, கிளப்பில்தான் இருக்கிறது.) 700 கிராம் பிரெட்டில் கால் பங்கு 175 கிராம், பிரெட் மட்டுமே 430 கலோரி தாண்டும். அதற்கு மேல் ஆட்டுக்கறியும் எண்ணெயும். கலோரியில் கிளப்பை மிஞ்சிவிடும். ஆனால் பீன்ஸ் பன்னி என்றால் நான் அதன் கட்சி. பீன்ஸில் நார்ச்சத்து உண்டு, வெள்ளை பிரெட் கிளப்பில் அது சொற்பம். குடைந்தெடுத்த பிரெட்டை மட்டும் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுங்கள்.

பிரவுன் பிரெட்டில் செய்தால்?

இங்கே பிரவுன் பிரெட்டுக்கு வாட் வரி இல்லை, காசு மிச்சம், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து முழுக்கோதுமை என்று நினைக்காதீர்கள்.

வான்கோழி சாப்பிட்டால் தூக்கம் வருமாமே?

வான்கோழியில் இருக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் தூங்க வைக்கும் என்ற கதைதானே? கோழியிலும் அதே அளவு இருக்கிறது. தூக்கம் வருவது சாப்பிட்ட அளவால்.

டோங்காட் தாத்தா: கிறிஸ்துமஸுக்கு மகன் வீட்டில் முழு வான்கோழி வாங்குவான், பாதி மிஞ்சும். அதை வைத்துச் செய்யலாமா?

தாத்தா, இத்தனை கேள்வியில் சரியான சாண்ட்விச் உங்களுடையதுதான். வீட்டில் உப்பு அதிகம் போடாமல் சுட்ட நெஞ்சுக்கறி 80 கிராமில் புரதம் சுமார் 24 கிராம்; டெலி இறைச்சியில் அதே எடைக்கு 14தான். சோடியமோ பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். எலும்பிலிருந்து கறியைப் பிரித்து அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிரில் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்துத் தடவுங்கள். பிரெட் இரண்டே துண்டு. பேக்கன் இல்லாமல் கிளப் ஆகுமா என்று பேரன் கேட்டால், வெங்காயத்தை மொறுமொறுவென்று வதக்கி வைத்துக் கொடுங்கள்.