சில்லு வைத்த ஸ்பீக்கரும் சோர்ந்துபோகும் பற்றரியும்

கேள்வி: கோயில் அன்னதானம், முன்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வெளியில் பாவிக்கச் சில்லு வைத்த வயர்லெஸ் ஸ்பீக்கர் ஒன்றைச் சென்ற வருடம் வாங்கினோம். ஆரம்பத்தில் நாலு மணித்தியாலம் பாடியது. இப்போது முக்கால் மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. பெட்டியில் 300 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. பற்றரி போய்விட்டதா, பெட்டியே பழுதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பெரும்பாலும் பற்றரிதான். இப்படியான பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி. யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் அதே மூடிய கட்டி. 12ஐ 7ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டால் பற்றரி நெடுநாள் உழைக்கும். பெட்டி சராசரியாக 15 வாட்ஸ் இழுத்தால் அந்தப் பாதி ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்குக் காணும்.

அந்த 300 வாட்ஸை மறந்துவிடுங்கள். 12 வோல்ட்டில் 300 வாட்ஸ் வரவேண்டுமானால் 25 அம்பியர் ஓட வேண்டும். 7 அம்பியர்-மணிப் பற்றரி சில நிமிடங்களிலேயே படுத்துவிடும். 7 என்ற கணக்கே, 20 மணித்தியாலமாக 0.35 அம்பியர் வீதம் மெதுவாக இழுத்து அளந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கிடைக்கும் மொத்த அளவும் சுருங்கும். அடுத்த முறை வாங்கும்போது பிஎம்பிஓ (விளம்பரத்துக்குப் போடும் உச்சக் கணக்கு) எண்ணைப் பார்க்காமல் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எவ்வளவு என்று கேளுங்கள்.

பற்றரியைக் கெடுப்பது பாவனையை விடச் சும்மா வைத்திருப்பதுதான். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அப்படியே களஞ்சிய அறையில் தள்ளிவிட்டு, அடுத்த விழாவுக்கு முதல் நாள் சார்ஜ் போடுவார்கள். இறங்கிய நிலையில் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது. கொழும்பு வெக்கையும் சேர்ந்தால் இன்னும் விரைவாகப் போகும். ஆகவே நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே சார்ஜ் போடுங்கள். 1 அம்பியர் சார்ஜருக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் தேவை. பாவிக்காவிட்டாலும் மாதம் ஒரு தடவை ஏற்றுங்கள்.

உறுதிப்படுத்த ஒரு மல்டிமீற்றர் போதும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, நாலைந்து மணித்தியாலம் விட்டு அளவுங்கள். 12.7 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 12.4ஐத் தாண்டாவிட்டால் பற்றரி முடிந்தது. 12.7 காட்டியும், பாட்டுப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் 11க்குக் கீழே விழுந்தாலும் அதே தீர்ப்புத்தான்.

மாற்றுவது கடினமில்லை. 12 வோல்ட் 7 அம்பியர்-மணி என்றால் அளவு 151 × 65 × 94 மில்லிமீற்றர். யூபிஎஸ் பற்றரி விற்கும் கடைகளில் கிடைக்கும். முனைத் தகடு 4.8, 6.35 மில்லிமீற்றர் என்று இரண்டு அகலத்தில் வரும், பழையதைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே அளந்து 12.4க்குக் கீழே இருந்தால் வேண்டாம். அது தட்டிலேயே கிடந்து பழுதானது. கழற்றும்போது கறுப்பு வயரை முதலில், பூட்டும்போது அதைக் கடைசியில். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பூட்டினால் அம்பிளிஃபையர் எரிந்துபோகலாம்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி பாதிப் பாரம்கூட இல்லை, ஏறத்தாழ முழு அளவையும் எடுக்கலாம். ஆனால் பெட்டியின் சார்ஜர் 14.6 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் அதைப் பூட்டாதீர்கள். முன்பக்கத்துச் சார்ஜ் விளக்கையும் நம்ப முடியாது. இந்தப் பற்றரி கடைசிவரை 13 வோல்ட்டுக்குக் கிட்ட நின்று, பிறகு சட்டென்று கைவிடும்.

கேள்வி: ஊர்வலத்தில் வான் பற்றரியிலிருந்து கரண்ட் எடுத்தோம். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் ஓர் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கிறது.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஃபோனும் அதே வானில் சார்ஜ் ஏறுகிறதா, அதிலிருந்து ஓக்ஸ் வயர் ஸ்பீக்கருக்குப் போகிறதா என்று பாருங்கள். ஃபோனின் சார்ஜ் வயரை இழுத்தவுடன் இரைச்சல் நின்றால் காரணம் அதுதான்: வானின் ஜெனரேற்றர் இரைச்சல் இரண்டு வயர்களின் கிரவுண்ட் வழியாகச் சுற்றுகிறது. புளூடூத்துக்கு மாறுங்கள், அல்லது ஓக்ஸ் வயரில் அந்தச் சுற்றை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசலேற்றர் ஒன்றைப் போடுங்கள்.

பெட்டியில் 12 வோல்ட் உள்ளீடு இருந்தால் இன்வேர்ட்டர் தேவையில்லை. வான் பற்றரியின் நேர் முனைக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் ஃபியூஸ் போட்டு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரால் நேரே கொடுங்கள். வயர் மெல்லியதென்றால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் வோல்ட் விழுந்து, பெட்டி நின்று நின்று எழும்பும். எஞ்சின் நின்றிருக்கும்போது வான் பற்றரி 12.2 வோல்ட்டுக்கு இறங்கினால் பாட்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வான் ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: மைக் அடிக்கடி வெட்டுகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்காக இரண்டாவது புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் பேச்சு இரட்டித்துக் கேட்கிறது.
– வாசகர், மோதரை

பதில்: கையில் பிடிக்கும் மைக்குகள் பலவற்றில் அன்ரெனா அடிப்பாகத்தில்தான் இருக்கும். பேசுபவர் அங்கே கையால் மூடினால் வெட்டும். நடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். புளூடூத்தின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மனித உடம்பே மறைத்துவிடும். கூட்டம் குறுக்கே வரும் இடமென்றால் ஃபோனைச் சட்டைப் பையில் வைக்காமல் பெட்டிக்கு மேலே வையுங்கள்.

இரட்டிப்புக்குக் காரணம் தாமதம். புளூடூத்தில் சத்தம் ஏறத்தாழ ஐந்திலொரு செக்கன் பிந்தலாம். பாட்டுக்கு இரண்டையும் ஒன்றாக இணைக்கலாம். பேச்சுக்கு வயரால் இணைப்பதே வழி.

கேள்வி: காலிமுகத்திடலில் சிறு நிகழ்ச்சி. பெட்டியை எங்கே வைப்பது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கடல் காற்று பெட்டியின் பின்பக்கத்திலிருந்து கூட்டத்தை நோக்கி வீச வேண்டும். எதிர்க்காற்றில் சத்தம் மேலே வளைந்து போய்விடும். நிலத்தில் வைத்தால் முன்வரிசைக்கு மட்டும் கேட்கும், ஆகவே ஸ்ரான்டில் ஏற்றி, ஹோர்ன் தலைக்கு மேலே வரட்டும். கால்களில் மண் மூட்டை கட்டுங்கள். மைக் எப்போதும் பெட்டிக்குப் பின்னால். முன்னே போனால் கீச்சிடும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும், ஆகவே முப்பது மீற்றருக்கு அப்பால் கூட்டம் இருந்தால் ஒரே பெட்டியை அலறவிடாமல் வயரால் இணைத்த இன்னொன்றை நடுவில் வையுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி கிடையாது. 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளை. வீடு திரும்பியதும் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, சொக்கெற்றுகளை உலரவிட்ட பிறகே சார்ஜரைச் செருகுங்கள்.