பத்துத் தரம் எழுதச் சொல்லாதீர்கள்

வாசிக்கவும் எழுதவும் திணறும் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியில் 29 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், என் மகன் தொடக்கநிலை 2 படிக்கிறான். பாடநூல் கதையைக் கடகடவென்று வாசிக்கிறான். அதே சொற்களை வேறு தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கிறான். ‘எங்கள்’ என்பதை ‘எங்கே’ என்கிறான். வீட்டில் நாங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறோம். (வாசகி, செங்காங்)

பதில்: கதை அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அம்மா. படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இப்படிச் சமாளிப்பார்கள். அதனாலேயே அவர்களுடைய சிரமம் ரொம்ப நாள் யார் கண்ணிலும் படாது.

முதலில் பொருளே இல்லாத சில சொற்களை எழுதிக் காட்டுங்கள்: ‘மிடு’, ‘கெபா’, ‘தோமை’. இவற்றை ஊகிக்க வழியில்லை. எந்த இடத்தில் நிற்கிறான் என்று கவனியுங்கள். என் வகுப்பில் அதிகம் பேர் நின்ற இடம் கொம்பு. ‘கெ’, ‘கே’, ‘கை’ மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ ‘க்’ என்பதற்குப் பிறகு வருகிறது. ‘கொ’ இன்னும் சிரமம்: முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால். ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒலி கூட்டப் பழகிய பிள்ளை கொம்பைத்தான் முதலில் படிக்கப் பார்க்கும். நான் அட்டைகளில் மெய்யின் உருவத்தைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதுவேன். “கறுப்பை முதலில் சொல், அப்புறம் சிவப்பு.” இவ்வளவுதான் விதி. இரண்டு மூன்று வாரத்தில் பல பிள்ளைகளுக்குச் சிவப்பு மை தேவைப்படாமல் போனது.

சுவரில் 247 எழுத்து அட்டவணையைத் தொங்கவிட்டு வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். அதுவும் மனப்பாடம்தான். ப, ட, ம மூன்றோடு தொடங்குங்கள். புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம். புதிய எழுத்து ஒன்று சேரும்போதெல்லாம் அவனே கூட்டிப் படிக்கக்கூடிய சொற்கள் பெருகும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும் (கு, சு, டு, பு). அவற்றை அவசரமில்லாமல் தனித்தனியாகப் பழக்குங்கள்.

நீங்கள் ஆங்கிலம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் இருப்பது ஒரே ‘க’, ஆனால் மூன்று விதமாக ஒலிக்கிறது. தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். ‘மகன்’ என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை ‘மக்கன்’ என்று படித்துவிட்டு, அது தவறென்றே தெரியாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தினமும் பத்து நிமிடம் நூலகப் புத்தகம் ஒன்றை நீங்கள் வாசிக்க அவன் கேட்கட்டும். அவன் வாசிப்பது அதற்குப் பிறகு.

கேள்வி: மகள் தொடக்கநிலை 3. வாராவாரம் சொல்வதெழுதுதல். ஒவ்வொரு சொல்லையும் பத்துத் தரம் எழுத வைக்கிறேன். அப்படியும் ‘பள்ளம்’ ‘பளம்’ ஆகிறது, ‘பந்து’ ‘பன்து’ ஆகிறது. ல, ள, ழ கேட்கவே வேண்டாம். (வாசகர், ஜூரோங்)

பதில்: நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறேழு ஆண்டுகள் பத்துத் தரம் எழுத வைத்தவள்தான். ஒரு நாள் வகுப்பில் ஒரு சிறுமியின் பின்னால் போய் நின்றேன். ‘காற்று’ எழுத வேண்டும். பக்கத்தின் மேலிருந்து கீழாகப் பத்து ‘கா’ எழுதினாள். பிறகு பத்து ‘ற்’. பிறகு பத்து ‘று’. ‘காற்று’ என்ற சொல் ஒரு தடவைகூட அவள் மனத்துக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளைகளின் கைகளை எத்தனை ஆண்டுகள் வலிக்க வைத்திருக்கிறேன் என்று அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பிறகு அந்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலையும் கடலைப்பருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்குப் பருப்பு, மற்ற எழுத்துக்கெல்லாம் முழுக்கடலை. சொல்லை நீங்கள் சொல்லுங்கள், அவளும் வாய்விட்டுச் சொல்லட்டும், கை தட்டிப் பிரிக்கட்டும்: பள்-ளம். பிறகு மேசையில் அடுக்கட்டும்: கடலை, பருப்பு, கடலை, பருப்பு. இரண்டாவது இடத்தில் பருப்பு விழுந்தால் ‘ள்’ அவள் காதில் விழுந்துவிட்டது என்று பொருள். விழாவிட்டால் அந்த இடத்தில் நாக்கு சற்று நின்று போவதை மறுபடி சொல்லிக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்தை எழுதி, மூடிவிட்டு, பார்க்காமல் ஒரே தடவை எழுதினால் போதும். ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். கோப்பிக் கடையில் மீதிக் காசு வாங்கும்போது நாணயத்தைக் கையில் கொடுங்கள். நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கும். ‘சிங்கப்பூர்’ என்பதில் எத்தனை கடலை, எத்தனை பருப்பு என்று கேளுங்கள். மூன்று மூன்று.

‘பன்து’ பிழைக்கு விதியே உதவும். பந்து, வண்டு, கன்று, சங்கு, பஞ்சு, பாம்பு: இந்த ஆறையும் பாட்டு மாதிரி சொல்ல வையுங்கள். த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். ஒரு சொல்லுக்குள் இந்தச் சோடிகள் பிரியாது.

ல, ள, ழ வாயில் பிரியாமல் கையில் பிரியாது. கண்ணாடி முன் நிற்க வையுங்கள். ‘ல’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’ சொல்லும்போது மடங்கி அண்ணத்தைத் தொடும். ‘ழ’ சொல்லும்போது மடங்கும், ஆனால் தொடாது. சொல்லின் முதலில் வந்தால் அது ‘ல’தான். அழுத்தி இரட்டித்து ஒலித்தால் ‘ழ’ இல்லை, ஏனென்றால் ‘ழ்’ தன்னோடு சேர்ந்து இரட்டிக்காது. மீதியைச் சொல் குடும்பமாகப் பழக்குங்கள்: மழை, மழைக்காலம், மழைநீர் ஒரு வாரம்; பழம், பழச்சாறு, பழக்கடை அடுத்த வாரம். அலை, அளை, அழை மூன்றையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடும் பயிற்சித்தாள்கள் எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே குழம்பிய பிள்ளையை அவை இன்னும் குழப்பும்.

கேள்வி: என் பேரன் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறான். தடுக்கலாமா? நான் எழுதும் பழைய ‘லை’, ‘னை’ அவனுக்குப் புரியவும் இல்லை. (பாட்டி, தோ பாயோ)

பதில்: தடுக்காதீர்கள் அம்மா, அவன் உங்களோடு தமிழில் பேசுகிறானே. நீங்கள் மட்டும் தமிழ் எழுத்திலேயே இரண்டு சொல், மூன்று சொல்லாகப் பதில் போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’ தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் போய்விட்டன. இங்கும் பிள்ளைகள் புதிய வடிவத்தைத்தான் படிக்கிறார்கள். அவன் நன்றாக வாசிக்கத் தொடங்கும்வரை புதிய வடிவத்தில் எழுதிக் கொடுங்கள். பிறகு உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள், ஆசையாகப் பார்ப்பான்.

கேள்வி: மகனுக்கு எட்டு வயது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வாசிக்கத் திணறுகிறான். மாமியார் சோம்பேறித்தனம் என்கிறார். டிஸ்லெக்சியாவாக (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமோ? (பெயர் வேண்டாம்)

பதில்: சோம்பேறித்தனம் என்ற சொல்லை வீட்டில் யாரும் அவன் காதுபடச் சொல்ல வேண்டாம். மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு உழைத்துத்தான் அவன் அந்த வரியைப் படித்து முடிக்கிறான். தமிழில் மட்டும் சிரமம் என்றால் தமிழ் போதிய அளவு காதில் விழாதது காரணமாக இருக்கலாம். இரண்டு மொழியிலும் என்றால் காத்திருக்காதீர்கள். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல முடியாது. உளவியல் நிபுணரின் மதிப்பீடு வேண்டும். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பள்ளிகளில் தொடக்கநிலை 1, 2இல் ஆங்கில வாசிப்புக்குக் கற்றல் ஆதரவு வகுப்பும், தொடக்கநிலை 3, 4இல் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சியும் உண்டு. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கத்தையும் அணுகலாம். தாய்மொழிப் பாட விலக்கைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். கூட்டிப் படிக்கும் முறையில் ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள்.

பள்ளிக்குப் போகும்போது, அவன் கைப்பட எழுதிய மூன்று நான்கு தாள்களை, ஒரு பிழையையும் திருத்தாமல், கையோடு எடுத்துப் போங்கள்.