நாவலுக்காக ஜெபக் குறிப்பு கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஏற்காட்டில் பள்ளி ஆசிரியை. காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து என் அப்பாவை வளர்த்த பாட்டியைப் பற்றி ஒரு நாவல் எழுதுகிறேன். தோட்ட முதலாளியின் குடும்பம் கோயிலில் முன் பெஞ்சில் உட்கார, பாட்டியும் மற்றவர்களும் பின்னால் பாயில் உட்கார்ந்த காலத்தைச் சொல்லும் இடத்தில் எழுத்து நின்றுபோனது. எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எல்லோரும் வியாதி, கடன், பிள்ளைகளின் கல்யாணம் என்று ஜெபக் குறிப்பு சொல்கிறார்கள். அங்கே போய் ‘என் நாவலுக்காக ஜெபம் பண்ணுங்கள்’ என்றால் பெருமை பிடித்தவள் என்று நினைத்துவிடுவார்களோ? சபையில் யாராவது படித்துக் கருத்துச் சொன்னாலும் நன்றாக இருக்கும். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஏற்காடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கேளுங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் சங்கிலியில் இருக்கிறார். அந்த நிலையில் சபையாரிடம் தமக்காக எதை வேண்டச் சொல்கிறார்? தம் வாயைத் திறந்து பேசுவதற்கு வார்த்தை கொடுக்கப்பட வேண்டும், தைரியமாகச் சொல்ல வேண்டும் என்று. கொலோசெயரிடமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறார். சரியான சொல்லுக்காக அடுத்தவரிடம் ஜெபம் கேட்பது பெருமை என்றால், அந்தப் பழி முதலில் அவர் மேல்தான் விழ வேண்டும்.

ஆனால் எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ‘என் புத்தகம் நல்லபடியாக வெளிவர வேண்டும்’ என்று பொதுவாகச் சொன்னால் அவர்களும் பொதுவாக ஜெபித்துவிட்டுப் போவார்கள். ‘பாட்டி பாயில் உட்கார்ந்த நாட்களை எழுத வேண்டியிருக்கிறது. கோபம் வருகிறது. கசப்பில்லாமல், அதே நேரம் எதையும் மறைக்காமல் எழுத எனக்காக ஜெபம் பண்ணுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிற பெண்களுக்கு அது புரியும். அவர்கள் வீட்டுப் பாட்டிகளும் எங்கேயோ உட்கார்ந்திருந்தவர்கள்தானே.

முழுக் கூட்டத்திலும் சொல்லத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று பேர் போதும். அதில் ஒருவராவது உங்கள் பாட்டியோடு பழம் பறித்தவராக இருந்தால் மிகவும் நல்லது. மார்கழி, தை மாதங்களில் பனியில் நனைந்த செடிக்குள் நுழைந்து பறித்த கதையை ஜெபம் முடிந்து காப்பி குடிக்கும்போது அவரே சொல்லக்கூடும். எழுத்து நின்றதற்குச் சில சமயம் தகவல் போதாததும் காரணமாக இருக்கும். சபையிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பழைய ஞானஸ்நானப் பதிவேடு. பெற்றோர் பெயர், ஊர், தொழில் என்று அதில் குறித்து வைத்திருப்பார்கள். பாட்டியின் பெயரை அந்தக் கையெழுத்தில் பார்ப்பதும் உங்களுக்குப் பெரிய பலமாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். எழுதுகிறவள் ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்தால் காது சும்மா இருக்காது. குடிக்கிற கணவன், வீட்டை விட்டுப் போன மகள், வெளியே சொல்லாத நோய் எல்லாம் அங்கே வரும். ஒவ்வொன்றும் ஒரு கதைதான். அதில் ஒன்றுகூட உங்கள் நாவலுக்குள் வரக்கூடாது, பெயரை மாற்றிக்கூட. அந்தப் பெண்கள் ஆண்டவர் முன்னால் அழுவதற்காக வாயைத் திறந்தார்கள். ஏற்காடு சின்ன ஊர். யார் வீட்டுக் கதை என்று நாலே பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் யாரும் அந்தக் கூட்டத்தில் மனம் திறக்க மாட்டார்கள். அந்த இழப்புக்கு எந்த நாவலும் ஈடாகாது. ஒருவருடைய அனுபவம் அவசியம் வேண்டும் என்றால், தனியாகப் போய் அவர் முகத்தைப் பார்த்து அனுமதி கேளுங்கள். ‘வேண்டாம்மா’ என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, படித்துக் கருத்துச் சொல்வது. ஜெபிக்கிறவர்களிடமே பிரதியைக் கொடுக்காதீர்கள். அன்பு இருக்கிற இடத்தில் ‘நல்லா இருக்கு சிஸ்டர், கர்த்தர் உங்களைப் பயன்படுத்துவார்’ என்றுதான் பதில் வரும். அது உங்களைத் தாங்கும், ஆனால் இழுவையான அத்தியாயத்தைச் சரிசெய்யாது. கீழே சேலத்தில் நல்ல வாசகர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியராக இருக்கலாம், நூலகத்தில் அடிக்கடி பார்க்கிறவராக இருக்கலாம். வேறு சபைக்காரரோ வேறு மதத்தவரோ என்றால் இன்னும் நல்லது. நமக்குப் பழகிப்போன சபை வார்த்தைகள் எங்கே கதையை மறைக்கின்றன என்று அவர்தான் காட்டுவார்.

முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கிறிஸ்தவக் கவிஞர் ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூலாவதற்கு முன், ‘நற்போதகம்’ என்ற கிறிஸ்தவப் பத்திரிகையில் பல ஆண்டுகள் தொடராக வந்தது. அத்தனை பெரிய காவியமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாசகரிடம் போயிருக்கிறது. உங்கள் சபை மாத இதழில் பாட்டியின் ஒரு நாளை மட்டும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு மேலே போகலாம்.

பாய், பெஞ்சு விஷயம் வரும் பகுதியை மட்டும் அச்சுக்குப் போகும் முன் போதகரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது அவரிடம் வந்து சத்தம் போடும்போது, விஷயத்தை உங்கள் வாயால் முன்பே கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்று பேச அவருக்கு வசதியாக இருக்கும். பழைய தோட்ட முதலாளியின் குடும்பத்தினர் இன்னும் அதே கோயிலுக்கு வருகிறார்கள் என்றால், அவர்களில் மூத்த ஒருவரிடமும் போய்ப் பேசுங்கள். அந்தக் காலம் அவர்களுக்கும் நினைவிருக்கும்.