கேம் எழுதி நிரலாக்கம் கற்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பி.காம். முடித்துவிட்டு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கி, லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்குவது), ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) வரை வந்து, பகா எண் கண்டுபிடிப்பது போன்ற பயிற்சிகளில் சலித்து நின்றுவிட்டேன். சிறு கேம்கள் எழுதிப் பழகினால் எளிதில் பிடிபடும் என்கிறார் நண்பர். இது சரியான வழிதானா? எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நண்பர் சொல்வது சரியே, ஆனால் கேம் சுவையானது என்பது மட்டும் அதற்குக் காரணம் அன்று. பகா எண் நிரல் தவறான விடை தந்தால், அது தவறு என்று கண்டுகொள்ளவே தனியாக ஒரு சரிபார்ப்பு தேவைப்படும். கேமில் பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் எவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. எது எப்படி நடக்க வேண்டும் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருப்பதால், கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. நிரல் எழுதுவோரின் பொழுதில் பெரும்பகுதி இந்தத் தேடலில்தான் கழிகிறது.

முதலில் திரையில் படமே இல்லாத எண் கண்டுபிடிப்பு விளையாட்டை எழுதுங்கள். கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள, நீங்கள் ஊகிக்க வேண்டும். "சரி", "தவறு" என்று மட்டும் சொல்லும் வடிவை எழுதினால், கணினி வைத்திருப்பது 42 என்று தெரிந்தே 42 என்று தட்டினாலும் "தவறு" என்றே பதில் வர வாய்ப்பு உண்டு. இன்புட் கட்டளை விசைப்பலகையில் தட்டியதை எழுத்துகளாகவே தருகிறது. எழுத்தாக உள்ள 42-ம் எண்ணாக உள்ள 42-ம் பைத்தானுக்கு வெவ்வேறு. இன்ட் என்ற ஃபங்ஷனால் அதை எண்ணாக மாற்றியவுடன் கேம் ஒழுங்காக நடக்கும். தரவு வகைகளைப் பற்றி நான்கு பக்கம் படிப்பதைவிட இந்த ஒரு கோளாறு ஆழமாகப் பதியும்.

அடுத்து, "இன்னும் பெரியது", "இன்னும் சிறியது" என்ற குறிப்புகளைச் சேர்த்துவிட்டு, ஆட்டத்தைத் திருப்பிப் போடுங்கள்: எண்ணை நீங்கள் வைத்துக்கொள்ள, கணினி ஊகிக்கட்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சியுள்ள எண்களின் நடுவிலுள்ளதைக் கேட்டால் ஏழு ஊகங்களுக்குள் கட்டாயம் கண்டுபிடித்துவிடும். 1-ஐ ஏழு முறை இரட்டித்தால் 128 வருகிறது, அது 100-ஐவிடப் பெரிது. கணினி அறிவியல் பாடத்தில் இருமத் தேடல் என்ற பெயரில் வருவது இதுவேதான்.

மூன்றாவதாக, பாங். இரு மட்டைகள், ஒரு பந்து, மேலும் கீழும் சுவர்கள். அட்டாரி நிறுவனம் 1972-இல் வெளியிட்ட இந்த ஆட்டமே, புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற பொறியாளருக்குப் பயிற்சி வேலையாகக் கொடுக்கப்பட்டதுதான். (அவர் அதை நிரலாக எழுதவில்லை, மின்சுற்றுகளாகவே அமைத்தார் என்பது வேறு செய்தி.) மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி அவர் செய்தார். உங்கள் கேம் ஓடத் தொடங்கியபின் அதையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு உயிர் வருவது அப்போதுதான்.

இதற்குப் பைகேம் என்ற இலவசத் தொகுப்பு போதும். ஒரு லூப் நொடிக்கு 60 முறை சுழன்று, எந்த விசை அழுத்தப்பட்டது என்று பார்த்து, பந்தையும் மட்டைகளையும் நகர்த்தி, திரையை அழித்து மீண்டும் வரைகிறது. எவ்வளவு பெரிய கேமுக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு இதுவே. இங்கே உங்களுக்கு ஒரு கோளாறு ஏறக்குறைய நிச்சயமாகக் காத்திருக்கிறது: பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டு நடுங்கும். பந்து மட்டையைத் தொட்டால் வேகத்தின் குறியை மாற்று, அதாவது 5 என்பதை −5 ஆக்கு என்று எழுதியிருப்பீர்கள். பந்து மட்டைக்குள் சற்று ஆழமாகப் புகுந்துவிட்டால், அடுத்த சுற்றிலும் அது தொட்டுக்கொண்டே இருப்பதால் குறி மறுபடி மாறி, பந்து உள்ளும் புறமுமாக அல்லாடும். இடது மட்டையைத் தொட்டால் வேகம் எப்போதும் வலப்பக்கமாகவே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. விடையை இங்கே சொல்லிவிட்டேன் என்றாலும், முதலில் பழைய முறையிலேயே எழுதி அந்த நடுக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்துவது நல்லது.

படம் வரைவதிலும் இசை தேடுவதிலும் இறங்கிவிடாதீர்கள். வெறும் செவ்வகங்களே போதும். கணக்குப் பிரிவில் உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய எக்செல் கோப்புகளைக் கையாளும் நிரல்களைக் கேம் கற்றுத்தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாங் முடிந்ததும் அந்தப் பக்கம் திரும்புங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் கைப்பேசியில் ஓயாமல் விளையாடுகிறான். அவனுக்கே கேம் எழுதக் கற்றுக்கொடுத்தால் விளையாடுவது குறையுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: குறையும் என்ற உறுதியை என்னால் தர இயலாது, அம்மா. விளையாடும் ஆர்வமும் உருவாக்கும் ஆர்வமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருக்கலாம். எனினும் தொடங்கிவைப்பதில் செலவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி, 8 முதல் 16 வயது வரையிலானவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளாக இழுத்துப் பொருத்துவதால் எழுத்துப் பிழை என்ற தொல்லையே இல்லை. கணினியில் ஒருமுறை நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும்.

மேலிருந்து விழும் ஆப்பிளைக் கூடையால் பிடிக்கும் கேமை அவன் எழுதட்டும். ஸ்கிராட்ச் மேடையின் நடுப்புள்ளி பூச்சியம். இடது ஓரம் −240, வலது ஓரம் 240, மேல் ஓரம் 180, கீழ் ஓரம் −180. ஆப்பிள் விழுவதற்கு அதன் உயரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 5 குறைக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்கும்போது, குறை எண்கள் அவனுக்குப் பாடப்புத்தகத்துச் சமாச்சாரமாக இராது. அருகில் அமர்ந்து, எப்படிச் செய்வது என்று சொல்லித்தராமல், "ஆப்பிள் தரையைத் தொட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: யூனிட்டி, கோடோ போன்ற கேம் இன்ஜின்களில் (கேம் உருவாக்குவதற்கான ஆயத்த மென்பொருள்களில்) நேரடியாகத் தொடங்கினால் என்ன?
– ஒரு கல்லூரி மாணவர், சேலம்

பதில்: தொடங்கலாம். ஆனால் மேலே சொன்ன லூப், மோதல் கண்டறிதல் ஆகியவற்றையெல்லாம் இன்ஜினே செய்துவிடுவதால், எந்த மெனுவில் எது இருக்கிறது என்பதைத்தான் முதல் சில வாரங்கள் கற்பீர்கள். பாங்கை ஒருமுறை கையால் எழுதிய பிறகு போனால், இன்ஜின் உங்களுக்காக என்ன செய்கிறது என்பது விளங்கும். இரண்டில் கோடோவை நான் முதலில் சொல்வேன்: 2014-இல் திறந்த மூலமாக்கப்பட்ட (அதன் நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்துவிடப்பட்ட) அது முற்றிலும் இலவசம், அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழியும் பைத்தானைப் போல வரிகளை உள்தள்ளியே எழுதப்படுவதால் கை எளிதில் பழகிவிடும். யூனிட்டிக்கு சி ஷார்ப் என்ற மொழியைத் தனியாகக் கற்க வேண்டும்.